மதினிக்குப் பாக்கி ஆகாது

எங்கள் வளவில் மதினிக்கு ஒரு கிண்ணம் குழம்பு கொடுப்பதென்றால் கொஞ்சம் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அந்தக் கிண்ணம் திரும்பி வந்துவிடும். வெறுமனே வராது. நாம் கொடுத்தது கத்தரிக்காய்க் குழம்பாக இருந்தால் வருவது கறிக்குழம்பாக இருக்கும். வீட்டில் ஒன்றும் இல்லாத நாளில்கூட நாலு முருங்கைக்காயாவது, ஒரு கைப்பிடி கறிவேப்பிலையாவது அதில் கிடக்கும். “எதுக்கு மதினி இதெல்லாம்?” என்று கேட்டால், “சும்மா குடுத்துவிட்டா நல்லாவா இருக்கும்?” என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, ரகசியம் சொல்கிற மாதிரி, “எனக்குப் பாக்கி ஆகாது தாயி” என்பார். சிலருக்குக் கருவாடு ஆகாது, சிலருக்குத் தக்காளி ஆகாது என்று சொல்வோமே, அந்த மாதிரி.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது அந்த வளவு. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாகச் சில வீடுகள், நடுவில் ஒரு அடிபம்பு. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தார். லீவு கிடைக்கும்போது வருவார். நானும் பள்ளிக்கூடம் போகிற மகளும் மட்டும் அங்கே குடியிருந்தோம். தென்காசி ரோட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. எதிர்வீட்டு மதினிக்கும் எனக்கும் ரத்த உறவு ஒன்றும் கிடையாது. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடத் தொடங்கியதால் அவர் மதினி ஆனார். நெட்டையான ஆள். நடையில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும். பஸ் புறப்பட்டுவிட்டது, எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது போல.

ஒரு வருஷம் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அவரை என் ஸ்கூட்டரில் கூட்டிப் போனேன். வழியில் பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினேன். நான் பையைத் திறப்பதற்குள் அவர் இறங்கிப் போய்ப் பெட்ரோல் போடுகிறவர் கையில் பணத்தைத் திணித்துவிட்டார். தேரடியில் என் மகளுக்கு வளையல் வாங்கினார். ஊர் திரும்பிய மறுநாள் கூமாப்பட்டியில் இருக்கும் அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்த மாங்காயில் பாதி என் வாசலில் இருந்தது. நான் கோபப்பட்டதும் சிரித்தார்.

“பின்ன ஒன் வண்டியில அம்புட்டுத் தூரம் உக்காந்து வந்திருக்கேன்லா?”

என் மகளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரியில் அவளுடைய கட்டிலை விட்டு நகராமல் இருந்தவர் அவர்தான். அந்தத் தீபாவளிக்கு நான் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தேன். பொங்கலுக்கு அதைவிட விலை கூடின சேலை என் வீட்டுக்கு வந்தது. அவருக்கு ஒன்றைக் கொடுத்து ஜெயிக்கவே முடியாது என்று வளவில் எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். கேட்டுக்கொண்டு அவரும் சிரிப்பார்.

அண்ணன் வேறு மாதிரி. சொந்தமாக ஒரு லோடு வண்டி வைத்திருந்தார். தளவாய்புரத்தில் தைக்கிற நைட்டிகளைப் பொதி பொதியாக ஏற்றிக்கொண்டு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போவார். சிரித்த முகம். நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே நடந்துவிட்டதாக நம்புகிறவர். இரண்டாவது வண்டி ஒன்றை பைனான்ஸில் எடுக்கப் போகிறேன் என்றார். மதினி வேண்டாம் என்றார். “கடன் வாங்காம எவன்டி மேல வந்திருக்கான்?” என்று அண்ணன் கேட்டது எங்கள் வீடு வரை கேட்டது. பத்திரத்தில் மதினியும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டு வந்து அன்றைக்கு முழுவதும் சாப்பிடாமல் இருந்தார். வயிறு சரியில்லை என்றார்.

ஆனாலும் இரண்டாவது வண்டியும் நன்றாகத்தான் ஓடியது. தவணைத் தேதிக்கு முந்தின நாளே மதினி பணத்தைக் கட்டிவிடுவார். பிறகு கொரோனா வந்தது. தையல் யூனிட்டுகள் மூடின. இரண்டு வண்டிகளும் வளவுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றன. சக்கரத்துக்கு அடியில் நாய்கள் குட்டி போட்டன. தவணையைத் தள்ளிக் கட்டலாம் என்றார்கள். தள்ளின தவணைக்கும் வட்டி ஏறியது. ஊர் திறந்த பிறகும் பழைய லோடு திரும்பி வரவில்லை. மதினி தன் நகைகளை ஒவ்வொன்றாக அடகு வைத்தார். பைனான்ஸ்காரர்களுக்குக் கட்டுவதற்காகப் பெண்கள் குழு மூலம் கடன் வாங்கினார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஒரு நாள் மரத்தடியில் ஒரு வண்டிதான் நின்றது. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். “சர்வீசுக்கு விட்டிருக்கு தாயி” என்றார். தளவாய்புரத்தில் நடுரோட்டில் நைட்டிப் பொதிகளை இறக்கிப் போட்டுவிட்டு பைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலை மதினி லேபுக்கு வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“நெஞ்சு படபடன்னு அடிக்குது. கை மரத்துப்போகுது. எனக்கு என்னமோ ஹார்ட்டுதான்னு தோணுது தாயி.”

டாக்டரிடம் கூட்டிப் போய் ஈ.சி.ஜி. எடுத்தோம். ரத்தம் எடுத்தேன். சர்க்கரை, தைராய்டு, எல்லாம் பார்த்தோம். எதிலும் ஒன்றுமில்லை. எல்லாம் நார்மல் என்று சொன்னபோது சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏதாவது நோயின்னு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மாத்திரையைப் போட்டுட்டுப் படுத்துக் கெடக்கலாம்.”

“என்ன மதினி பேச்சு இது? தூக்கம் வருதா ஒங்களுக்கு?”

“வருது. வந்துட்டுப் போயிருது.”

பில்லை நானே கட்டிவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு நாளில் தருகிறேன் என்றார். தரவில்லை. அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார். நான் தண்ணீர் அடிக்கப் போனால் அவர் குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

குழுக் கடன் என்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். வாரம் ஒரு முறை, எங்கள் வளவிலேயே இருந்த குழுத் தலைவி அக்கா வீட்டில் கூடுவார்கள். வசூலுக்கு ஒரு இளைஞர் பைக்கில் வருவார். எல்லோருடைய பணமும் சேரும் வரை யாரும் எழுந்து போகக் கூடாது. மில்லுக்குப் போக வேண்டியவர்கள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவர்கள், எல்லோரும் மதினிக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஒரு வாரம் நான் விடுப்பில் வீட்டில் இருந்தேன். தலைவி அக்காவின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

“ஏட்டி, ஒருத்திக்காக நாங்க எம்புட்டு நேரம் உக்காந்திருக்கது? எங்களுக்குப் பொழப்பு இல்லையா?”

மதினியின் பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து போய்த் தன் வீட்டு காஸ் சிலிண்டரைத் தூக்க முடியாமல் உருட்டிக்கொண்டு வந்தார். அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தலைவி அக்கா திகைத்துப்போய், “கொண்டுபோய் உள்ள வையி” என்று மட்டும் சொன்னார். அந்த வாரத் தவணையை அக்காவே போட்டுக் கட்டினார். மறுநாளிலிருந்து மதினி அக்கா வீட்டு வாசலைக் கருக்கலில் எழுந்து பெருக்கிக் கோலம் போட்டார். வேண்டாம் என்று அக்கா எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை.

அடுத்த தவணைக்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. போனில் ஒரு கடன் ஆப்பை இறக்கி ஆதார் அட்டையைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் பணம் விழும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விழுந்தது. ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட இரண்டு பங்காகக் கேட்டார்கள். அதைக் கட்ட இன்னொரு ஆப், அதைக் கட்ட வேறொன்று. பணம் கொடுக்கும்போதே அந்த ஆப்காரர்கள் தன் போனில் இருந்த எல்லா நம்பர்களையும் எடுத்து வைத்துக்கொண்டது மதினிக்குத் தெரியாது.

நான் லேபில் ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு படம் வந்தது. மதினியின் முகம். அதற்கு மேலே சிவப்பு எழுத்தில், பணம் வாங்கி ஏமாற்றும் திருடி என்று இருந்தது. படம் எனக்கு மட்டும் வரவில்லை. பால்காரருக்கும் கூமாப்பட்டியில் இருந்த அவர் தம்பிக்கும் போயிருந்தது. கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த அவர் மகளுக்கும், அவளுடைய வகுப்பு டீச்சருக்கும்கூடப் போயிருந்தது.

நான் மாலையில் வந்தபோது மதினி வளவில் ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். என் வீட்டுக்கும் வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. படிக்குக் கீழேயே நின்றார்.

“ஒனக்கும் வந்துச்சா தாயி?”

“வந்துச்சு மதினி. அழிச்சிட்டேன். அவன் எவனோ எங்கேயோ உக்காந்துக்கிட்டு அனுப்புதான். அதப் போய்…”

“என்னால ஒனக்குச் சங்கடம். மன்னிச்சிரு.”

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அதே வார்த்தைகள், அதே குரல். அழவில்லை. பால்காரரைத் தேடித் தெருமுனை வரை போய் அவரிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் மதினி சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தார். எனக்கு அவருடைய கல்யாணச் சீராக வந்த பித்தளைக் குத்துவிளக்கு. லேபில் நான் கட்டிய பில்லுக்கு என்றார். வாங்க மறுத்தேன். “நீ வாங்கலேன்னா எனக்குத் தொண்டையில சோறு எறங்காது” என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கடைசி வீட்டுக்காரர்களுக்கு ஏணி. எப்போதோ அவர்கள் ஏணியை வாங்கி உடைத்துவிட்டாராம். அவர்களுக்கே அது ஞாபகம் இல்லை. தலைவி அக்காவுக்கு இட்லிக் கொப்பரை. பால்காரர் மகளுக்கு வெள்ளிக் கொலுசு. முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அடிபம்பில் என்னைப் பார்த்துப் பழையபடி சிரித்தார். வளவில் எல்லோரும், பாவம், கொஞ்சம் தேறிவிட்டார் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் அந்த விளக்கைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் எங்கள் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“முன்னாடி சோகமா இருந்தாங்க, இப்ப தெளிவா இருக்காங்க. பொருளையெல்லாம் கொடுத்துட்டு இருக்காங்க. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

“நீங்க உடனே வீட்டுக்குப் போங்க. அவங்களைத் தனியா விடாதீங்க. சுத்தி வளைக்காம நேராக் கேளுங்க, சாகணும்னு தோணுதான்னு.”

“அப்படிக் கேட்டா, இல்லாத நெனப்பை நாமளே கொடுத்த மாதிரி ஆயிராதா மேடம்?”

“ஆகாது. கேட்க ஒரு ஆள் இல்லாததுதான் ஆபத்து. கிளம்புங்க.”

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. மதினி வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, வீட்டைக் கழுவி விட்டிருந்தார். அண்ணனுக்குச் சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து மகளுடைய பழைய துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்டேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

“மதினி, ஒங்களுக்குச் சாகணும்னு தோணுதா?”

கை நின்றது. அவர் கோபப்படவில்லை. ஒரு சின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“குழு லோன்ல இன்சூரன்ஸ் பிடிச்சிருக்காவ தாயி. வசூலுக்கு வாற தம்பி அன்னைக்குக் கோவத்துல சொல்லுச்சு. ஆள் செத்தாத்தான் லோன் தள்ளுபடி, உசுரோட இருந்தா கட்டித்தான் ஆகணும்னு. நான் யோசிச்சுப் பாத்தேன். சரியாத்தான் சொல்லுது. ஒங்கண்ணனுக்குப் பாரம் கொறையும். பிள்ளை படிப்பு நிக்காது. யாருக்கும் பாக்கி இருக்காது.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தினமும் எத்தனையோ கைகளில் நரம்பு தேடுகிறவள் நான். அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

“நீங்க போயிட்டா அண்ணனும் பிள்ளையும் என்ன செய்வாவ?”

“கொஞ்ச நாள் அழுவாவ. பொறவு சரியாயிரும்.”

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் அழுவதைப் பார்த்து அவர் பதறிப்போனார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். “ஏன் தாயி, ஏன் தாயி” என்று என்னைத் தேற்றிக்கொண்டே அவரும் உடைந்தார். எத்தனையோ மாதமாக வராத அழுகை. அண்ணனுக்கும் அவர்கள் மகளுக்கும் போன் செய்தேன். தலைவி அக்காவைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து உள்ளே வந்து மதினிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டார். “நான் இனிமே இங்கதான் இருப்பேன். எந்திரிக்கச் சொல்லாத” என்றார். அண்ணன் வந்து சேரும் வரை நாங்கள் இருவரும் நகரவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ராஜபாளையத்தில் வேண்டாம், தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்றார் மதினி. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநலப் பிரிவில் சீட்டு வாங்கிக் காத்திருந்தபோது மதினி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அங்கே இருந்த மருத்துவர் நடுவயதுக்காரர்; அவசரமே இல்லாமல் கேட்டார். தூக்கம், பசி, பயம் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, “கடன்னா உங்களுக்கு எப்போதிருந்து இவ்வளவு பயம்?” என்றார்.

மதினி எங்களில் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். அவர் பாவாடை சட்டை போட்டிருந்த காலம். கூமாப்பட்டியில் அவருடைய அக்காவுக்குக் கல்யாணம். அப்பா வட்டிக்கு வாங்கிப் பந்தல் போட்டிருந்தார். பணம் கொடுத்தவர் பந்தியில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். மதினிதான் அவருக்கு இலை போட்டார். சோறு விழுந்ததும் அந்த ஆள் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“‘என் காசுல எனக்கே சோறா’ன்னு அத்தனை பேருக்கும் முன்னால கேட்டாரு. அப்பா கும்பிட்டுக்கிட்டு நின்னாவ. அதுக்குப் பொறவு எங்க அப்பா யார் மூஞ்சியையும் பாத்துப் பேசினதில்ல சார். கீழ பாத்தே பேசிப் பேசிச் செத்துப்போனாவ.”

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. “இத எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலையே. சொல்லியிருந்தா நான் ஒன்னையக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பேனா?” என்றார்.

மருத்துவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “உங்க கடனை என்னால அடைக்க முடியாதும்மா. தூக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கப் பாக்கிறேன். தூங்கி எந்திரிச்ச மூளையால யோசிச்சா கடன் கடனாத் தெரியும். இப்ப உங்களுக்கு அது வேற என்னமோவாத் தெரியுது. இது வெட்கப்படுற விஷயம் இல்லை, வியாதி. வைத்தியம் இருக்கு.” சில நாள் வார்டில் வைத்துக்கொண்டார். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து அம்மாவின் காலடியிலேயே கிடந்தாள்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று மதினி அண்ணனை அனுப்பிப் பால்கோவா வாங்கிவரச் சொல்லி மருத்துவரிடம் நீட்டினார். மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“உங்களுக்கு இன்னொரு மருந்து எழுதறேன். ஒரு மாசத்துக்கு யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக்கணும். ஒண்ணும் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எனக்கும்தான்.”

“அது எப்படி சார்?” என்று மதினி கேட்ட தோரணையில் நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். மதினி சிரிக்கவில்லை. மாத்திரைகளை விழுங்குவதைவிட அந்த மருந்து அவருக்குக் கஷ்டமாக இருந்தது. வளவுப் பெண்கள் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தார்கள். அவர் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடப்பார். ஒரு நாள் விடியலில் என் வீட்டுக் கொடியில் கிடந்த துணிகளெல்லாம் மடித்து வாசலில் இருந்தன. நான் கேட்டதற்கு, “காத்து அடிச்சுதுல்லா, அதான்” என்றார்.

இதற்கிடையில் மற்றவை ஒவ்வொன்றாக நடந்தன. படம் அனுப்பியவர்கள்மேல் போலீசில் புகார் கொடுத்தோம். பிடிபட்டார்களா என்று தெரியாது, ஆனால் படங்கள் நின்றன. குழு கூடிய நாளில் தலைவி அக்கா மதினியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வசூலுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினார்.

“தம்பி, நீ சொன்ன சொல்லு ஒரு உசுரை எடுக்கப் பாத்துச்சு. ஒங்க மேனேசரைக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் எங்க யாருகிட்டயும் ஒரு பைசா வாங்க முடியாது.”

அந்த இளைஞரின் முகம் வெளுத்துவிட்டது. “மேல இருந்து டார்ச்சர்க்கா. வசூல் கொறஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. வாய் தவறி வந்திருச்சு” என்றார். மேனேஜர் வந்தார். பேசிப் பேசித் தவணையைச் சின்னதாக்கிக் காலத்தை நீட்டினார்கள். வீட்டுக்கு யாரும் வரக் கூடாது, அண்ணனே ஆபீசில் கட்டுவார் என்று எழுதி வாங்கினோம். அண்ணன் மிச்சமிருந்த வண்டியை விற்றார். நகையை மீட்க வழியில்லை, அது போனது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவருக்கு டிரைவர் வேலை கிடைத்தது. மடவார்வளாகத்தில் ஒரு சின்ன வீடு பார்த்து மாறிப் போனார்கள். சாமான் ஏற்றும்போது வளவுக்காரர்கள் எல்லோரும் மதினி கொடுத்ததையெல்லாம் கொண்டுவந்து வண்டியில் வைத்தோம். அவர் எதையும் தடுக்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. நடுவில் ஒருமுறை, தேறிவிட்டோம் என்று நினைத்து மாத்திரையைத் தானாகவே நிறுத்தி, மறுபடி சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தத் தடவை அவரே அண்ணனை எழுப்பி, “மனசு சரியில்ல, கூட்டிட்டுப் போங்க” என்று சொன்னாராம். இதை அண்ணன் எனக்குப் போனில் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மதினி இப்போது ஒரு பால்கோவா கடையில் வேலை பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். மாத்திரையினால் கையில் லேசான நடுக்கம். என்னைப் பார்த்ததும் கண் கலங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டார். மகள் வேலைக்குப் போகிறாள் என்றார். அண்ணனுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது கடைக்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. மதினி பேச்சை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிய ஆள் யாரென்று பார்க்கும் வரை அவர் விரல்கள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தன. வந்தவர் யாரோ வாடிக்கையாளர். மதினி மூச்சை விட்டார். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

“இன்னும் எம்புட்டு இருக்கு மதினி?” என்று கேட்டேன்.

“இருக்கு தாயி. இன்னும் கொஞ்ச வருஷத்துக்கு இருக்கும்.” மேஜை விளிம்பிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “அது பாட்டுக்கு இருக்கு. நான் பாட்டுக்கு இருக்கேன்.”

வந்தவர் கால் கிலோ கேட்டார். மதினி எழுந்து எடை போடப் போனார்.